வெப்பப் பாயும் வீட்டுப் பாம்பும்

பிரிட்டனில் பாம்பை வீட்டுப் பிராணியாக வளர்ப்போரிடம் பரவலாகக் காணப்படும் இனங்களில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் ஒதுங்கி வாழும் பால் பைத்தான் என்னும் சிறிய மலைப்பாம்பு; பிரிட்டனில் இதை ராயல் பைத்தான் என்றும் அழைப்பர். மற்றொன்று, அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைத் தாயகமாகக் கொண்ட, நஞ்சற்ற கார்ன் ஸ்நேக். 18 அல்லது 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு லண்டன் வீட்டு அறையில், கூடுதல் வெப்பம் இல்லாமல் இவ்விரண்டும் நெடுநாள் நலமாக வாழ இயலாது என்பதால், கூண்டின் ஒரு பகுதியைச் சூடாக்க ஹீட் மேட் எனப்படும் வெப்பப் பாய் பயன்படுத்தப்படுகிறது. மெல்லிய இரண்டு பாலியெஸ்டர் தாள்களுக்கு இடையே கார்பன் கலந்த மையைப் பட்டைகளாக அச்சிட்டு, ஓரங்களில் உள்ள உலோகக் கீற்றுகள் வழியாக மின்சாரத்தைச் செலுத்தினால், மின்தடை கொண்ட அந்த மைப் பட்டைகள் சூடாகின்றன என்பதற்கு மேல் இச்சாதனத்தில் சிக்கலானது எதுவும் இல்லை. ஆயினும், இத்தனை எளிய பொருளின் மேல் படுத்து வயிற்றுத் தோல் வெந்துபோன பாம்புகளை ஊர்வன மருத்துவர்கள் தொடர்ந்து பார்த்து வருகின்றனர். இவ்விபத்துகளில் பலவற்றின் அடியில் இருப்பது ஒரு தவறான எண்ணம்: பாய்க்கென்று ஒரு வெப்பநிலை உண்டு, கடையில் சரியான பாயைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சரியான வெப்பநிலையும் கூடவே வந்துவிடும் என்பது.

பாய்க்கு உண்மையில் இருப்பது திறன் மட்டுமே. 12 வாட் பாய் என்றால், அது ஒவ்வொரு நொடியும் 12 ஜூல் வெப்பத்தை வெளியிடும் என்று பொருளே தவிர, எத்தனை டிகிரிக்கு உயரும் என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. அடியில் ஓட்டையுள்ள குடத்துக்குள் குழாய் நீர் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தால், ஓட்டை வழியே வெளியேறும் நீரின் அளவு உள்ளே விழும் அளவுக்குச் சமமாகும் வரை நீர்மட்டம் ஏறிக்கொண்டே போவதுபோல, வெளியேறும் வெப்பம் உண்டாகும் வெப்பத்துக்குச் சமமாகும் வரை பாயின் வெப்பநிலையும் ஏறிக்கொண்டே போகும். எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள பொருள்கள்.

ஒரு தோராயக் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஏறத்தாழ 28 செ.மீ. சதுரமான 12 வாட் பாய் ஒன்றின் பரப்பைக் கொண்டு பார்த்தால், சதுர மீட்டருக்கு 150 வாட் அளவில் வெப்பம் உண்டாகிறது. சாதாரண அறையில், காற்றோட்டத்தாலும் அகச்சிவப்புக் கதிர்வீச்சாலும் ஒரு திறந்த பரப்பு இழக்கும் வெப்பம், சுற்றுப்புறத்தைவிட அது எத்தனை டிகிரி மிகுந்திருக்கிறதோ அந்த ஒவ்வொரு டிகிரிக்கும் சதுர மீட்டருக்குச் சுமார் 10 வாட் என்று கொள்ளலாம். பாயை அந்தரத்தில் தொங்கவிட்டால் இரு முகங்களும் வெப்பத்தை இழப்பதால், அது அறையைவிட 7 அல்லது 8 டிகிரி மட்டுமே உயர்ந்து நின்றுவிடும். வெப்பத்தைக் கடத்தாத ஒரு மேசையின் மேல் வைத்தால் ஒரு முகம் அடைபட்டு, உயர்வு 15 டிகிரியாகும். மீதமுள்ள முகத்தின் மேலும் மரச்சீவலைத் தடிமனாகப் பரப்பியோ, தட்டையான கல் ஒன்றை வைத்தோ, வெப்ப வெளியேற்றத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால், கணக்கின்படி உயர்வு 45 டிகிரியைத் தொடும்; 20 டிகிரி அறையில் அது 65 டிகிரி. பக்கவாட்டில் கசியும் வெப்பத்தால் நடைமுறையில் இந்த எண் குறையக்கூடும் என்றாலும், பாயும் மின்சாரமும் மாறாதிருக்கும்போதே மேலே கிடக்கும் பொருளை மட்டும் மாற்றி, இதமான சூட்டைச் சுடும் சூடாக்கிவிட முடியும் என்பது இதனால் விளங்கும். வெப்பம் வெளியேறும் வழியை அடைக்கும் இந்நிகழ்வை வெப்ப அடைப்பு எனலாம். சுருண்டு படுத்திருக்கும் கனத்த மலைப்பாம்பே அத்தகைய அடைப்பாகிவிடுகிறது என்பதுதான் இதில் கவலைக்குரிய செய்தி. வெற்றுத் தரையில் அளந்தபோது 34 டிகிரி காட்டிய இடம், கட்டுப்பாடற்ற பாயானால், பாம்பு வந்து படுத்தபின் அதே 34 டிகிரியில் இருப்பதில்லை.

அறையின் வெப்பநிலையும் இந்தச் சமநிலைக்குள் அப்படியே புகுந்துவிடுகிறது. சுற்றுப்புறத்தைவிட 15 டிகிரி உயரும் பாய், 18 டிகிரி அறையில் 33 டிகிரியாகவும், 30 டிகிரி அறையில் ஏறத்தாழ 45 டிகிரியாகவும் இருக்கும். மின்னழுத்தத்தின் பங்கு இதைவிடச் சிறியது என்றாலும் புறக்கணிக்கத்தக்கது அன்று. பிரிட்டனில் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட், விதிகளின்படி 216 முதல் 253 வோல்ட் வரை மாறலாம். திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், இந்த இரு எல்லைகளுக்கும் இடையே ஒரே பாயின் திறன் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடும். பாயின் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் எந்த வெப்பநிலையும், எந்த அறையில், எதன் மேல், எதற்கு அடியில் என்ற மூன்று நிபந்தனைகளைச் சொல்லாதவரை பொருளற்றது.

இனி, பாம்பின் பக்கம். தன் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் உள்ளிருந்து உண்டாக்காமல் சூழலிலிருந்து பெறும் உயிர்களைப் புறவெப்ப உயிரிகள் என்பர். பழைய பாடநூல்கள் பயன்படுத்திய குளிர் இரத்தப் பிராணி என்ற பெயர், அவை சூழலின் வெப்பநிலைக்கு அடங்கிக் கிடப்பவை என்ற தோற்றத்தைத் தந்தது. 1944 ஆம் ஆண்டில் ரேமண்ட் கௌல்ஸ், சார்ல்ஸ் போகர்ட் ஆகிய இரு அமெரிக்க விலங்கியலாளர்கள் பாலைவன ஊர்வனவற்றைப் பற்றி வெளியிட்ட ஆய்வு அத்தோற்றத்தைக் கலைத்தது. வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே மாறி மாறி நகர்வதன் மூலமே பல்லிகளும் பாம்புகளும் தம் உடல் வெப்பத்தைக் குறுகிய வரம்புக்குள் வைத்துக்கொள்கின்றன என்றும், அவை விரும்பும் வெப்பநிலைக்கும் உயிரைப் பறிக்கும் மேல் எல்லைக்கும் இடையிலான தொலைவு சில டிகிரிகளே என்றும் அவர்கள் காட்டினர். (வெப்பத்தைச் சூழலிலிருந்தே பெறும் இயல்புக்கு ஓர் அழகான விதிவிலக்கு உண்டு. பர்மிய மலைப்பாம்பின் பெட்டை, முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு தசைகளைத் துடிக்கவைத்தே தன்னைச் சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரி சூடாக வைத்துக்கொள்ளும் என்பது 1966 இல் அளந்து நிறுவப்பட்டது.)

கூண்டு அமைப்போர் இரு பாடங்களைக் கௌல்ஸ், போகர்ட் ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பாம்புக்கு வேண்டியது ஒரு வெப்பநிலை அன்று, தேர்ந்தெடுத்துக்கொள்ளத்தக்க பல வெப்பநிலைகளின் வரிசை என்பது முதலாவது. ஒரு முனையில் சூடும் மறுமுனையில் குளிர்ச்சியுமாகச் சீராகக் குறைந்துகொண்டே போகும் இந்த அமைப்பு வெப்பச் சரிவு எனப்படும். பால் பைத்தானுக்குச் சூடான முனையின் தரை 31 முதல் 33 டிகிரியும் குளிர்ந்த முனை 24 முதல் 26 டிகிரியும், கார்ன் ஸ்நேக்குக்கு முறையே 28 முதல் 30, 20 முதல் 24 டிகிரியும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. பாய் தரையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிப் பரவினால் சரிவு குலைந்து கூண்டு முழுவதும் ஒரே சூடாகிவிடும். இரு முனைகளிலும் ஒளிவிடம் இல்லாவிட்டாலும் சரிவு இருந்தும் பயனில்லை. ஏனெனில் மறைவிடத்தை மிக விரும்பும் பால் பைத்தான், ஒளிவிடம் சூடான பக்கத்தில் மட்டும் இருந்தால் அளவுக்கு மீறிச் சுட்டாலும் அங்கேயே கிடக்கக்கூடும். இரண்டாவது பாடம், மேல் எல்லையும் கீழ் எல்லையும் சமமானவை அல்ல என்பது. உடலின் வேதிவினைகள் பத்து டிகிரி குறைந்தால் பொதுவாகப் பாதி அல்லது மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்குகின்றன. நலமுள்ள ஒரு பால் பைத்தான் ஓர் இரவு 20 டிகிரியில் கிடந்தால் மந்தமாகும், அண்மையில் விழுங்கிய எலி செரிக்காமல் கக்கவும் நேரலாம், ஆனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். விரும்பிய வெப்பநிலைக்கு மேல் அதே அளவு உயர்ந்தால் பிழைப்பது அரிது. ஐயம் எழும் இடத்தில் ஒரு டிகிரி குறைத்து வைப்பதே அறிவுடைமை.

சுடும் தரையிலிருந்து பாம்பு ஏன் விலகிப் போவதில்லை என்ற கேள்வி இங்கே எழும். ஊர்வனவற்றுக்கு வலி உணர்வே இல்லை என்று சில வளர்ப்போர் சொல்வது தவறு. சூட்டையும் வலியையும் உணரும் நரம்பு முனைகள் அவற்றின் தோலிலும் உண்டு. விடையின் ஒரு பகுதி மூளையில் இருக்கிறது. நீலநாக்குப் பல்லியின் மூளைக்குள் மெல்லிய குழாய்களைச் செலுத்தி, ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியை மட்டும் சூடாக்கியும் குளிரச்செய்தும் 1967 இல் ஹேமலும் அவருடன் பணியாற்றியோரும் செய்த சோதனையில், சூடான இடத்திலிருந்து பல்லி எப்போது விலகுகிறது என்பதையே மாற்ற முடிந்தது. உடலுக்கு இன்னும் வெப்பம் வேண்டுமா வேண்டாமா என்ற முடிவில் தோலோடு மூளையின் வெப்பநிலைக்கும் பெரும் பங்கு உண்டு என்பதை அது காட்டிற்று. காற்று 20 டிகிரியிலும் தரை 45 டிகிரியிலும் உள்ள கூண்டில், தரையைத் தொடும் சில வயிற்றுச் செதில்கள் வெந்துகொண்டிருக்க, குளிர்ந்த காற்றில் கிடக்கும் முதுகும் தலையும் இன்னும் வெப்பத்தைத் தேடிக்கொண்டிருக்கும் முரண்பாடு இப்படித்தான் தோன்றக்கூடும். இயற்கையில் இந்த முரண்பாட்டுக்கு இடம் குறைவு. வெயில் மேலிருந்து விழுகிறது, இரவில் கதகதப்பாக இருக்கும் பாறை நேரம் செல்லச் செல்ல ஆறுகிறதே தவிர, அடியிலிருந்து மேலும் மேலும் சூடாவதில்லை.

வெப்பத்தை உணர்வதில் மலைப்பாம்புகள் பெயர் பெற்றவை என்பது இங்கு நினைவுக்கு வரலாம். பால் பைத்தானின் உதட்டோரம் வரிசையாக உள்ள குழிகள், இருளில் எலியின் உடலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை உணர்பவை. டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு, இக்குழிகளின் நரம்புகளில் டி.ஆர்.பி.ஏ-1 என்ற புரதம் வெப்ப உணரியாகப் பணிபுரிவதை 2010 இல் கண்டறிந்தது. வெப்பம், தொடுகை ஆகியவற்றின் உணரிகளைக் கண்டறிந்தமைக்காக 2021 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் இவரே. ஆனால், அக்குழிகள் முகத்தில், இரையை நோக்கி அமைந்தவை. வயிற்றுக்கு அடியில் மெல்ல ஏறும் சூட்டுக்கு அவை காவல் நிற்பதில்லை.

தீக்காயம் என்பது வெப்பநிலையின் விளைவு மட்டுமன்று, நேரத்தின் விளைவும் ஆகும். மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் ஆகியோர் 1947 இல் பன்றியின் தோலிலும் மனிதத் தோலிலும் நடத்திய ஆய்வில், 60 டிகிரியில் ஐந்து நொடிகளில் உண்டான சேதம், 44 டிகிரியில் உண்டாக ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆயிற்று. பாம்பின் தோலுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. என்றாலும், கையை வைத்தால் தாங்கிக்கொள்ளும் சூடுதான் என்று கருதப்படும் ஒரு தரையில் இரவு முழுவதும் அசையாமல் கிடக்கும் உயிருக்கு என்ன நேரும் என்பதை அவை உணர்த்தப் போதுமானவை. வயிற்றுச் செதில்கள் சிவந்தோ பழுப்பேறியோ கொப்புளம் கட்டியோ இருப்பது தீக்காயத்தின் அடையாளம். சேதத்தின் முழு ஆழம் சில நாட்களுக்குப் பின்னரே வெளிப்படுவதுண்டு என்பதால், சிறிய நிறமாற்றத்தையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவதே முறை.

ஆகவே, தெர்மோஸ்டாட் இன்றி வெப்பப் பாய் இல்லை என்பதை விதியாகவே கொள்ள வேண்டும். தெர்மோஸ்டாட் என்பது, கம்பியின் முனையில் உள்ள வெப்ப உணர்முனை காட்டும் அளவு, குறித்துவைத்த எல்லையைத் தாண்டும்போது மின்சாரத்தைத் துண்டித்து, குறையும்போது மீண்டும் இணைக்கும் கருவி. முழுதாக அணைத்து முழுதாக இணைக்கும் எளிய வகையில், பாயும் கண்ணாடியும் தேக்கிவைத்த சூட்டினால், எல்லையைச் சுற்றி ஓரிரு டிகிரி ஏற்ற இறக்கம் தவிர்க்க இயலாதது. மின்சாரத்தைச் சிறு துடிப்புகளாகத் தரும் விலை மிகுந்த வகையில் அது குறைவு. விளக்குகளுக்கான, மின்னோட்டத்தைக் குறைத்து ஒளியை மங்கச்செய்யும் வகை பாய்க்குத் தேவையில்லை.

எந்த வகையை வாங்குவது என்பதைவிட உணர்முனையை எங்கே வைப்பது என்பதே பெரிய கேள்வி. விபத்துக்கான வாய்ப்பும் அங்கேதான் மிகுதி. கூண்டுக்குள், தரையின் மேல் வைத்தால், பாம்பு உணரும் வெப்பத்தையே கருவியும் உணரும் என்பது உண்மைதான். ஆனால், பாம்பு ஒரே இரவில் அதைக் குளிர்ந்த மூலைக்குத் தள்ளிவிடலாம், நீர்க்கிண்ணம் கவிழ்ந்து அதை நனைக்கலாம்; இரண்டிலும், வெப்பம் போதவில்லை என்று நம்பும் தெர்மோஸ்டாட் பாயை ஓயாது எரியவிட்டு, எந்த ஆபத்தைத் தடுக்க வாங்கப்பட்டதோ அதையே தன் கையால் உண்டாக்கும். ஒட்டுநாடாவால் அதை உள்ளே ஒட்டிவைப்பது தீர்வன்று. நாடாவில் சிக்கிச் செதிலும் தோலும் உரிந்த பாம்புகள் பல. கண்ணாடித் தொட்டியானால், உணர்முனையைத் தொட்டிக்கு வெளியே, பாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில் அசையாதவாறு பொருத்துவதே பாதுகாப்பில் மேலானது. அங்கே காட்டும் அளவு உள்தரையைவிடச் சில டிகிரி மிகுந்திருக்கும். அந்த வேறுபாட்டை அளந்து, உள்தரை அந்தந்த இனத்துக்கு ஏற்ற அளவை, பால் பைத்தானானால் 32 டிகிரியை, அடையும் வரை தெர்மோஸ்டாட்டின் எல்லையைத் திருத்தியமைக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டின் முகப்பில் தெரியும் எண் பாம்பின் வெப்பநிலை அன்று என்பதை மறந்துவிடக் கூடாது.

அளக்க வேண்டிய இடம், மரச்சீவலின் மேற்பரப்பன்று, அதற்கு அடியில் உள்ள வெற்றுத் தரை. பாம்பு தோண்டும் இயல்புடையது. மேலே 30 டிகிரி என்று காட்டும் சீவலை ஒதுக்கிக்கொண்டு, அடியில் 42 டிகிரியில் இருக்கும் கண்ணாடியோடு அது வயிற்றைச் சேர்த்துக்கொள்ளும். மேற்பரப்பு போதிய சூடாக இல்லை என்று எல்லையை ஏற்றிக்கொண்டே போவது இதனால்தான் கேடு; சூடான முனையில் சீவலை மெல்லியதாகப் பரப்புவதே சரியான மாற்று. இதற்கான கருவி, தொடாமலே அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி. அது குறிவைத்த பரப்பிலிருந்து வரும் கதிரை அளப்பதால், கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளிருக்கும் பொருளை அதனால் அளக்க முடியாது, கண்ணாடியின் வெப்பநிலையே கிடைக்கும். பளபளக்கும் உலோகத்திலும் அது தவறான எண்ணைத் தரும். சுவரில் ஒட்டும் முள் வகை வெப்பமானிகள் பெரும்பாலும் அலங்காரத்துக்கு ஆனவை. கையால் தொட்டுப் பார்ப்பது அவற்றினும் மோசம்: மனித உள்ளங்கையின் தோலே 32 அல்லது 33 டிகிரியில் இருப்பதால், பாம்புக்கு மிகச் சரியான தரை மனிதக் கைக்குச் சூடாகவே தோன்றாது, இதமாகச் சுடுகிறது என்று கை சொல்லும் தரை பாம்புக்கு ஏற்கெனவே மிகை.

கூண்டின் பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கண்ணாடித் தொட்டிக்கு அடியில் பாயை ஒட்டும்போது, தொட்டியைச் சிறு கால்களின் மேல் உயர்த்திக் காற்றுப் போக இடைவெளி விட வேண்டும்; இல்லையேல் அடைபட்ட சூடு மேசையையும் கருக்கும், கண்ணாடியையும் விரிசலிடச் செய்யும். விவேரியம் எனப்படும் மரப்பெட்டியில், மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாததால் வெளியே ஒட்டுவது வீண். பாயை உள்ளே, பக்கச் சுவரிலோ தரையிலோ, பாம்பு அடியில் புகாதவாறு பொருத்துவர். ஒருமுறை ஒட்டிய பாயை உரித்தெடுத்து வேறிடத்தில் ஒட்டுவதும், மடிப்பு விழுந்த பாயைப் பயன்படுத்துவதும் கூடாது. மைப் பட்டையில் விழும் சிறு முறிவு, அந்த ஓரிடத்தை மட்டும் பிற இடங்களைவிட வெகுவாகச் சூடாக்கிவிடும்.

தெர்மோஸ்டாட்டும் பழுதாகும் பொருளே. உள்ளிருக்கும் மின்தொடர்பு முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், மின்சாரம் நிற்காமல் ஓடும். முதல் கருவியைவிட இரண்டு அல்லது மூன்று டிகிரி மேலாக எல்லை வைத்த இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றைத் தொடராக இணைத்துவைப்பது இதற்கான நல்ல காப்பு. திறன் குறைந்த பாயைத் தேர்வது அதனினும் எளிய காப்பு: கட்டுப்பாடு முற்றிலும் தவறினாலும், பாம்பு மேலே படுத்திருக்கும்போதும் அறையைவிட 14 டிகிரிக்கு மேல் ஏற முடியாத பாய், 20 டிகிரி அறையில் 34 டிகிரியோடு நின்றுவிடும். மிகைத் திறனை வாங்கித் தெர்மோஸ்டாட்டால் அடக்கிவைக்கும் வழக்கம், இந்தக் காப்பை விலை கொடுத்து இழக்கும் செயல்.

பாயால் செய்ய முடியாதவையும் உண்டு. அது தொடும் பரப்பைச் சூடாக்குகிறதே தவிர, கூண்டின் காற்றை அதிகம் சூடாக்குவதில்லை. குளிர்காலத்தில் அறை 15 டிகிரிக்கு இறங்கினால், பால் பைத்தானின் கூண்டுக் காற்றை 25 டிகிரிக்கு உயர்த்தப் பாயின் எல்லையை ஏற்றுவது தரையைச் சுடவைக்குமேயன்றி நோக்கத்தை நிறைவேற்றாது. அதற்கு மேலிருந்து வெப்பம் தரும் விளக்கோ பீங்கான் வெப்பமூட்டியோ, தனியொரு தெர்மோஸ்டாட்டோடும் பாம்பு தொட முடியாத கம்பிக் காப்போடும் வேண்டும். கோடையில் நிலைமை தலைகீழ். 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கானிங்ஸ்பி என்ற ஊரில் 40.3 டிகிரி பதிவாயிற்று. அத்தகைய நாளில், 35 டிகிரி அறையில் உள்ள கூண்டில் தெர்மோஸ்டாட் பாயை முற்றாக அணைத்துவிட்டாலும், குளிர்ந்த முனை என்று ஒன்று இருக்காது, ஏனெனில் வெப்பத்தைச் சேர்ப்பதை நிறுத்துவது மட்டுமே அக்கருவிக்குத் தெரியும். 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாம்புக்கும் ஏற்ற சூழலைத் தரும் கடமையை வளர்ப்போர் மேல் சுமத்துகிறது. வெப்ப அலையின்போது அக்கடமை, பாயின் மின்செருகியைப் பிடுங்கிவிட்டுக் கூண்டை வீட்டின் குளிர்ந்த கீழ்த்தளத்துக்கு மாற்றுவதும், பெரிய கிண்ணத்தில் நீர் வைப்பதும், சாளரத் திரைகளை இழுத்து மூடுவதும் ஆகும்.